ஜெர்மனியில் 'பிஆர்' கிடைத்துவிட்டால் நிரந்தரமா? அந்த ஆறு மாதக் கணக்கு தெரியுமா?

நீங்கள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மியூனிக்கில் ஒரு மென்பொருள் நிறுவனம். நல்ல சம்பளம். மூன்று ஆண்டுக்குள் நிரந்தரவாசமும் கிடைத்துவிட்டது. அதுதாங்க, நாம் எல்லாரும் சொல்லும் 'பிஆர்'.

ஒருநாள் இரவு வீட்டிலிருந்து அழைப்பு. அம்மாவுக்குப் பக்கவாதம். நீங்கள் ஒரே பிள்ளை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏறுகிறீர்கள். மருத்துவமனை, உடற்பயிற்சிச் சிகிச்சை, பணிப்பெண் தேடுவது என்று ஏழு மாதம் ஓடிவிடுகிறது.

அம்மா கொஞ்சம் தேறியதும் மியூனிக்குக்குத் திரும்பலாம் என்று பார்த்தால், உங்கள் 'நிரந்தரவாசம்' இப்போது இல்லை.

யாரும் அதை ரத்து செய்யவில்லை. எச்சரிக்கைக் கடிதம் எதுவும் வரவில்லை. ஜெர்மானியச் சட்டப்படி அது தானாகவே முடிந்துபோனது.

"பிஆர் சீக்கிரம் கிடைக்குமா?" வெளிநாட்டு வேலை பற்றிப் பேசும்போது நம்மில் பலரும் முதலில் கேட்பது இதுதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கு: "கிடைத்த பிறகு, அதை விட்டு எவ்வளவு நாள் தள்ளி இருக்கலாம்?"

ஜெர்மனியை எடுத்துக்கொண்டு இரண்டையும் பார்க்கலாம் வாங்க.

ஏன் ஜெர்மனி? ஏன் இப்போது?

மூன்றே ஆண்டில் அங்கே விதிமுறைகள் மூன்று முறை மாறின.

2023 நவம்பரில், திறனாளர்களுக்கான புதிய குடிநுழைவுச் சட்டத்தின் முதல் கட்டம் நடப்புக்கு வந்தது. நிரந்தரவாசத்திற்குக் காத்திருக்க வேண்டிய காலத்தையும் அந்தச் சட்டம் குறைத்தது.

2024 ஜூன் 27ஆம் தேதி புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டு ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டில் குடியுரிமை கேட்கலாம். பழைய நாட்டின் குடியுரிமையைக் கைவிட வேண்டிய கட்டாயமும் போனது. ஜெர்மன் மொழியில் மிகச் சிறப்பாகத் தேர்ந்து, சமூகத்தில் நன்றாக ஒன்றிவிட்டவர்கள் மூன்றே ஆண்டில் குடியுரிமை பெறவும் அந்தச் சட்டம் வழிவிட்டது.

அந்த ஆண்டில் மட்டும் சுமார் 292,000 பேர் ஜெர்மானியக் குடிமக்களானார்கள்.

பிறகு ஆட்சி மாறியது. 2025 அக்டோபர் 8ஆம் தேதி, அந்த மூன்றாண்டு விரைவுப் பாதையை நாடாளுமன்றம் நீக்கியது. ஐந்தாண்டு விதியும் இரட்டைக் குடியுரிமையும் அப்படியே இருக்கின்றன.

ஒரு பக்கம் முதுமையடையும் மக்கள்தொகை, ஆள் பற்றாக்குறை. மறுபக்கம் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லும் அரசியல் நெருக்குதல். கதவு திறப்பதும் பாதி மூடுவதும் இந்த இழுபறியில்தான்.

முதலில், பிஆர் என்றால் அங்கே என்ன?

சிங்கப்பூரில் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டை, நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டை. மலேசியாவில் குடிமக்களுக்கு நீல மைகார்ட், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை. இரண்டு இடத்திலும் பிஆர் என்றால் ஒரே வகைதான்.

ஜெர்மனியில் இரண்டு வகை இருக்கு. பலருக்கும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, தேசிய நிரந்தரவாசம். ஜெர்மன் மொழியில் 'நீடர்லாசுங்ஸ்-எர்லௌப்னிஸ்' என்பார்கள். வாய்க்குள் நுழையவில்லையா? இனி 'தேசிய பிஆர்' என்றே சொல்வோம்.

இரண்டாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்புரிமை. இதையும் ஜெர்மானிய அதிகாரிகள்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அதன் பின்னால் ஒன்றியத்தின் பொதுச் சட்டம் நிற்கிறது. இதை 'ஐரோப்பிய பிஆர்' என்போம்.

இரண்டுமே காலவரம்பு இல்லாதவை. இரண்டிலும் நீங்கள் எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். சொந்தத் தொழிலும் தொடங்கலாம். வேறுபாடு நீங்கள் நாட்டை விட்டு வெளியேறும்போதுதான் தெரியும். அதைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம்.

எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?

உங்கள் பாதையைப் பொறுத்தது.

• ப்ளூ கார்ட் வைத்திருப்பவர்: 27 மாதம். ஜெர்மன் மொழியில் பி1 நிலையை எட்டினால் 21 மாதம் போதும்.

• ஜெர்மனியில் பட்டம் அல்லது தொழிற்கல்வி முடித்து, அங்கேயே அதற்கேற்ற வேலையில் இருப்பவர்: 2 ஆண்டு.

• வெளிநாட்டுத் தகுதியுடன் வேலைக்கு வந்த மற்றத் திறனாளர்: 3 ஆண்டு. முன்பு இது 4 ஆண்டாக இருந்தது.

• மற்றவர்களுக்குப் பொதுவான பாதை: 5 ஆண்டு.

ப்ளூ கார்ட் என்பது பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி. அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2025இல் அது ஆண்டுக்கு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும் புதிய பட்டதாரிகளுக்கும் 43,759.80 யூரோ. இந்தத் தொகை ஆண்டுதோறும் ஏறும். ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் எண்ணைப் பார்ப்பது முக்கியம்.

இன்னொன்று. சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 90 நாள் வரை விசா இல்லாமல் ஜெர்மனிக்குப் போகலாம். அதை நம்பி, "முதலில் போய் இறங்கிடுவோம், மற்றதை அங்கே பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள்.

ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டவர்கள் அங்கே போய் இறங்கிய பிறகு வேலை அனுமதி கேட்கலாம். அந்தப் பட்டியலில் சிங்கப்பூரும் இல்லை, மலேசியாவும் இல்லை. நாம் கிளம்பும் முன்பே தூதரகத்தில் விசா எடுத்தாக வேண்டும்.

மாதம் என்றால் எந்த மாதம்?

நாள்காட்டி மாதம் மட்டும் அல்ல. ஓய்வூதியச் சந்தா கட்டிய மாதம்.

இதை நம் மத்திய சேம நிதியோடு அல்லது மலேசியாவின் ஊழியர் சேமநிதியோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். ஜெர்மனியில் ஓய்வூதியச் சந்தா சம்பளத்தில் 18.6 விழுக்காடு. அதில் பாதி, அதாவது 9.3 விழுக்காடு, உங்கள் சம்பளத்தில் இருந்து போகும். மீதிப் பாதியை முதலாளி கட்டுவார்.

ஆண்டுக்கு 48,300 யூரோ சம்பளம் என்றால், மாதம் 4,025 யூரோ. அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் உங்கள் பங்கு சுமார் 374 யூரோ. வருமான வரியும் மருத்துவக் காப்புறுதியும் தனி.

நம் ஊர் சேமநிதி உங்கள் பெயரில் உள்ள கணக்கில் சேரும். ஜெர்மனியில் அப்படி இல்லை. இன்று நீங்கள் கட்டுவது இன்றைய முதியோரின் ஓய்வூதியத்துக்குப் போகிறது. உங்களுக்கு அங்கே சேர்வது பணம் அல்ல, உரிமை.

நிரந்தரவாசத்துக்கான கணக்கும் அதுதான். பொதுப் பாதைக்கு 60 மாதச் சந்தா. மூன்றாண்டுப் பாதைக்கு 36 மாதம். இரண்டாண்டுப் பாதைக்கு 24 மாதம். ப்ளூ கார்ட் என்றால் 27 அல்லது 21.

ஆகவே இடையில் மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்தால், உங்கள் பிஆர் தேதியும் தள்ளிப்போகலாம். "நான் இங்கே வந்து மூணு வருஷம் ஆச்சே" என்பது மட்டும் போதாது.

படித்த காலம்? ஐந்தாண்டுப் பொதுப் பாதையில் மாணவராக இருந்த காலத்தில் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நான்கு ஆண்டு படித்திருந்தால் இரண்டு ஆண்டு.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

ப்ளூ கார்ட் பாதையில் ஏ1 நிலை போதும். உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது, கடையில் பொருள் கேட்பது, எளிய படிவம் நிரப்புவது. அவ்வளவுதான்.

மற்றப் பாதைகளுக்கு பி1. அதாவது, வீட்டுக்காரரிடம் தண்ணீர்க் குழாய் கசிவது பற்றிப் புகார் சொல்லி, அவர் தரும் பதிலையும் புரிந்துகொள்ளும் அளவு.

பி1-க்கு உழைத்தால் ப்ளூ கார்ட் பாதையில் ஆறு மாதம் மிச்சம். பிறகு குடியுரிமை கேட்கவும் அதே பி1 தான் வேணும். எப்படிப் பார்த்தாலும் அந்தப் படிப்பு வீண் போகாது.

'ஜெர்மனியில் வாழ்க்கை' என்றொரு தேர்வும் இருக்கு. 33 கேள்வி, 60 நிமிடம், கட்டணம் 25 யூரோ. கேள்விகள் 310 கேள்விகள் கொண்ட பொதுத் தொகுப்பிலிருந்து வருகின்றன; அதை முன்கூட்டியே படித்துப் பார்க்கலாம். நிரந்தரவாசத்துக்கு 15 சரியான பதில் போதும். குடியுரிமைக்கு 17.

இவை தவிர வாடகை வீடு போதுமான அளவு இருக்க வேண்டும், அரசாங்க உதவித்தொகை இல்லாமல் செலவைச் சமாளிக்க வேண்டும், மருத்துவக் காப்புறுதி இருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் பொதுவாக 113 யூரோ.

கிடைத்துவிட்டால் என்ன மாறும்?

இதை வேலை அனுமதியில் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் சொல்வது தூக்கத்தைப் பற்றித்தான்.

வேலை அனுமதியில் இருக்கும்போது உங்கள் இருப்பு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். ஆட்குறைப்பு என்றால் சம்பளம் மட்டும் போகாது. சில மாதத்துக்குள் வேறு வேலை தேடாவிட்டால் நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும். எம்பிளாய்மண்ட் பாஸில் இங்கே வேலை செய்யும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால், அந்தப் பதற்றத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிஆர் கிடைத்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். வேலை போனாலும் நீங்கள் அங்கேயே இருக்கலாம். துறை மாறலாம். சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை திறக்கலாம். பிடிக்காத மேலாளரிடம் "முடியாது" என்று சொல்லலாம்.

வாக்குரிமை? கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள், பிஆர் இருந்தாலும், உள்ளாட்சித் தேர்தலில்கூட வாக்களிக்க முடியாது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மேலே சொன்ன எல்லா உரிமையும் 'அங்கே இருக்கும்' உரிமை. 'போய்விட்டுத் திரும்பி வரும்' உரிமை அல்ல.

ஆறு மாதக் கடிகாரம்

ஜெர்மானிய வசிப்புச் சட்டத்தின் 51ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. தேசிய பிஆர் வைத்திருப்பவர் நாட்டை விட்டுக் கிளம்பி ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால், அந்த உரிமை தானாகவே முடிந்துவிடும்.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. 'தற்காலிகம் அல்லாத காரணத்துக்காக' வெளியேறினால், ஆறு மாதம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. கிளம்பிய அன்றே உரிமை முடியும்.

எது தற்காலிகம், எது இல்லை? வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, முகவரிப் பதிவையும் ரத்து செய்துவிட்டுக் கிளம்பினால், "இவர் திரும்பி வரும் எண்ணத்தில் போகவில்லை" என்று அதிகாரிகள் கருத இடம் இருக்கு. முதலில் சொன்ன கதையில் நீங்கள் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினீர்கள், நினைவிருக்கா?

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது புதிதல்ல. இங்கேயும் நிரந்தரவாசிகள் வெளிநாடு செல்ல மறுநுழைவு அனுமதி வைத்திருக்க வேண்டும். செல்லுபடியாகும் அந்த அனுமதி இல்லாமல் வெளியில் இருந்தால் நிரந்தரவாசத் தகுதி போகலாம். நமக்குத் தெரிந்த வீட்டில், பக்கத்துப் புளோக்கில், இதை நினைத்துக் கவலைப்பட்டவர்கள் இருப்பார்கள். ஜெர்மனிக்குப் போனால் அந்த இடத்தில் நிற்பது நாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரிட்டனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே நிரந்தரவாசம் பெற்றவர் தொடர்ந்து இரண்டு ஆண்டு வெளியில் இருந்தால்தான் அந்த உரிமை போகும்.

அப்படின்னா வழியே இல்லையா?

இருக்கு. ஆனால் பெரும்பாலானவற்றைக் கிளம்பும் முன்பே செய்ய வேண்டும்.

முதல் வழி: கூடுதல் அவகாசம் கேட்பது. நீங்கள் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் விவகார அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பிஆர் உள்ளவர் தற்காலிகக் காரணத்துக்காக வெளியே போனால், ஆறு மாதத்துக்கும் அதிகமான காலக்கெடுவை வழக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்வது போன்ற காரணத்தை மருத்துவர் கடிதத்தோடு காட்டுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆறு மாதம் முடிந்த பிறகு கேட்டால் பயன் இல்லை. ஏனென்றால் நீட்டிக்க அப்போது உரிமையே இருக்காது.

இரண்டாவது வழி: ஐரோப்பிய பிஆர். முன்பு 'பிறகு பார்ப்போம்' என்றோமே, அது இதுதான். இதற்கு ஐந்து ஆண்டு வசித்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம் வரை இருக்கலாம். அதற்கு முன்பு ப்ளூ கார்ட் வைத்திருந்தவர் என்றால் ஜெர்மானியச் சட்டம் 24 மாதம் வரை அனுமதிக்கிறது.

2022 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் இதில் முக்கியத் தீர்ப்பு ஒன்றைக் கொடுத்தது. அந்த 12 மாதத்துக்குள் சில நாள் மட்டும் ஒன்றியத்துக்குள் வந்து இருந்தாலே போதும், உரிமை போகாது என்றது அது. ஆனால் தொடர்ந்து ஆறு ஆண்டு ஜெர்மனிக்கு வெளியே வசித்தால், ஜெர்மனி கொடுத்த ஐரோப்பிய பிஆர் முடிந்துவிடும்.

அம்மாவைப் பார்க்க ஒரு வருஷம் ஊரில் இருக்க வேண்டி வந்தால், இந்த இரண்டு அட்டைக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். தேசிய பிஆர் கிடைத்ததும் "வேலை முடிஞ்சது" என்று நிறுத்திவிடாமல், ஐந்து ஆண்டு ஆனதும் ஐரோப்பிய பிஆருக்கும் விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, சட்டம் தரும் சில விதிவிலக்குகள். 15 ஆண்டு சட்டப்படி அங்கே வசித்து, வாழ்க்கைச் செலவுக்கு வழி உள்ளவர்கள் ஆறு மாத விதியில் சிக்கமாட்டார்கள். ஜெர்மானியரைத் திருமணம் செய்து சேர்ந்து வாழ்பவர்களுக்கும் சலுகை உண்டு.

சிங்கப்பூரர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விதிவிலக்கு ஒன்றும் இருக்கு. சொந்த நாட்டில் கட்டாய ராணுவச் சேவை செய்வதற்காக மட்டும் ஆறு மாதம் தாண்டினால் உரிமை போகாது. சேவை முடிந்து மூன்று மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஜெர்மனியில் வளர்ந்து, பிஆர் வைத்திருக்கும் சிங்கப்பூர் இளையர் தேசிய சேவைக்காக ஊர் திரும்பும்போது இது உதவும்.

பேசாமல் குடியுரிமையே வாங்கிவிட்டால்?

இந்தக் கேள்வி நியாயமானது. குடியுரிமை இருந்தால் ஆறு மாதக் கணக்கு இல்லை. பத்து ஆண்டு கழித்துத் திரும்பினாலும் கதவு திறந்திருக்கும்.

2024 முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. அதனால் அங்கே இருக்கும் பல நாட்டவருக்கு இது எளிய முடிவு. இரண்டு கடப்பிதழையும் வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு அப்படி இல்லை.

சிங்கப்பூர் பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. மலேசியாவும் அனுமதிப்பதில்லை. ஜெர்மனி "பழையதை வைத்துக்கொள்" என்று சொன்னாலும், நம் பக்கம் அதற்கு வழி இல்லை. விரும்பி வேறொரு நாட்டின் குடிமகனாவது, இங்கே குடியுரிமையை இழப்பதில் முடியும்.

ஆகவே மற்றவர்களுக்குப் பிஆர் என்பது குடியுரிமைக்குப் போகும் வழியில் ஒரு படி. நம்மில் பலருக்கு அதுவே கடைசிப் படி. அதற்கு மேல் ஏற வேண்டுமென்றால் வீட்டுப் பக்கம் ஒரு கதவை மூட வேண்டும். அம்மாவைப் பார்க்க வரும்போது விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நிற்க வேண்டும். இங்கே வந்து தங்கி வேலை செய்ய அனுமதி கேட்க வேண்டும்.

சிலர் யோசித்து அந்த முடிவை எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதன் விலை தெரிந்து எடுக்க வேண்டும்.

குழந்தை பிறந்தால்?

பிஆர் உங்களை மட்டும் பாதிக்கும் விஷயம் அல்ல.

பெற்றோரில் ஒருவர் ஐந்து ஆண்டு சட்டப்படி ஜெர்மனியில் வசித்து, நிரந்தரவாசமும் பெற்றிருந்தால், அங்கே பிறக்கும் குழந்தை பிறப்பிலேயே ஜெர்மானியக் குடிமகன். விண்ணப்பிக்க வேண்டியதில்லை. 2024க்கு முன் இதற்கு எட்டு ஆண்டு தேவைப்பட்டது.

அந்தக் குழந்தையை நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகனாகவும் பதிவு செய்தால், சிறு வயதில் இரண்டும் இருக்கும். ஆனால் 21 வயதான பிறகு, 22 வயதாகும் முன், விசுவாச உறுதிமொழி எடுத்து மற்றக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். இல்லாவிட்டால் சிங்கப்பூர்க் குடியுரிமை போய்விடும். ஆண் பிள்ளை என்றால் தேசிய சேவைக் கடமையும் வரும்.

நீங்கள் 27 வயதில் வாங்கும் ஓர் அட்டை, இன்னும் பிறக்காத பிள்ளையின் 21ஆம் வயதில் ஒரு கேள்வியாக வந்து நிற்கும். விண்ணப்பப் படிவத்தில் இது இருக்காது.

நமக்கு முன்பே போனவர்கள்

ஜெர்மனிக்கு முதலில் பெருமளவில் போன தமிழர்கள் மென்பொருள் வேலைக்குப் போகவில்லை. 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி, அகதிகளாகப் போனார்கள். நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் அவர்கள் எண்ணிக்கை அதிகம். அங்குள்ள ஹாம் நகரின் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் 2002இல் எழுந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் மக்கள் வருகிறார்கள்.

அவர்களில் பலர் தொடக்கத்தில் இருந்தது, நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஒரு தாளை நம்பி. அதை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். அவர்களுக்கு 'நிரந்தரம்' என்ற சொல்லின் பொருள்: இனி யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

உங்களுக்கும் எனக்கும் நிலைமை வேறு. திரும்ப வீடு இருக்கு. நம் கவலை திருப்பி அனுப்பப்படுவது அல்ல. இரண்டு இடத்திலும் கால் வைக்க முடியுமா என்பதுதான். ஒரே அட்டை, ஆளுக்கு ஆள் வேறு பொருள்.

விதி நடுவில் மாறினால்?

இதுவும் நடக்கும். பிரிட்டன் 2025 மே மாதம் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், நிரந்தரவாசத்துக்கான வழக்கமான காத்திருப்பை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்கப் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நான்கு ஆண்டு காத்திருந்தவர்கள் நிலை என்ன என்பதே அங்கே பெரிய விவாதமானது. டென்மார்க்கில் வழக்கமான காத்திருப்பே 8 ஆண்டு; கூடுதல் நிபந்தனைகளை நிறைவேற்றினால் 4 ஆண்டு.

ஜெர்மனியில் விரைவுக் குடியுரிமைப் பாதை வந்து, ஒன்றரை ஆண்டுகூட நிற்கவில்லை. அதை நம்பித் திட்டமிட்டவர்கள் ஏமாந்தார்கள்.

பாடம் எளிது. தகுதி வந்த அன்றே விண்ணப்பியுங்கள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் அந்த ஒரு வருஷத்தில் விதி மாறலாம்.

போகத் திட்டமிருந்தால் நினைவில் வைக்க வேண்டியவை

• முதல் மாதத்திலிருந்தே சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காப்புறுதிக் கடிதம் எல்லாவற்றையும் சேமியுங்கள்.

• ஓய்வூதியக் காப்புறுதி அலுவலகத்திடம் உங்கள் சந்தா விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கி, மாதங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

• பெரிய நகரங்களில் முன்பதிவு கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். இப்போதிருக்கும் அனுமதி முடியும் முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் வரை அது செல்லும். அதற்கான தற்காலிகச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

• ஐந்து ஆண்டு ஆனதும் ஐரோப்பிய பிஆர் பற்றி விசாரியுங்கள்.

• ஆறு மாதத்தை நெருங்கும் பயணம் என்றால், கிளம்பும் முன் எழுத்தில் அவகாசம் வாங்குங்கள். முகவரிப் பதிவை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள்.

கடைசியாக ஒன்று.

முதலில் சொன்ன கதையில் உங்கள் தவறு அம்மாவைப் பார்க்க வந்தது அல்ல. அதை யாரும் தவறென்று சொல்ல மாட்டார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு விண்ணப்பமும், கையில் ஒரு கடிதமும் இருந்திருந்தால் அந்த ஏழு மாதமும் சிக்கல் இல்லாமல் கழிந்திருக்கும்.

வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளையிடம் வீட்டில் கேட்பார்கள்: "எப்போ திரும்பி வருவே?" அட்டை கொடுத்த நாடும் அதையேதான் கேட்கிறது. இரண்டு பேருக்கும் சொல்ல ஒரு பதிலை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.